வன்னியில இருந்து செல்டிக் ஃபேன்டசி மியூசிக்: அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதிலும்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் லப்டொப்பில மியூசிக் செய்யிற பெடியள் பெட்டையள் கன பேர் இப்ப கேம் மியூசிக், ஃபேன்டசி மியூசிக் எண்டு இறங்கியிருக்கினம். வோய்ஸ் மெசேஜில வாற சந்தேகம் பாதிக்கு மேல ஒண்டுதான், கேக்கிற ஆள்தான் வேற. அதால கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு கீழ எழுதியிருக்கிறன். மேல இருந்து வாசிச்சுக்கொண்டு வாங்கோ, பின்னுக்கு வாற பதிலுகளில முன்னுக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்லேல்ல.

அண்ணை, செல்டிக் மியூசிக்கும் ஃபேன்டசி மியூசிக்கும் ஒண்டோ?

இல்லை. செல்டிக் எண்டு சொல்லுறது அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், கோர்ன்வோல், மான் தீவு, பிரான்சில இருக்கிற பிரிட்டனி, இந்தப் பக்கத்து நாட்டார் இசை. கூடுதலா ஆட்டத்துக்கு வாசிக்கிற மெட்டுக்கள், அதோட ஆறுதலா வாசிக்கிற பாட்டுக்கள், காதால கேட்டுக் கேட்டுக் கைமாறி வந்தது. ஃபேன்டசி மியூசிக் எண்டுறது படத்துக்கும் கேமுக்கும் செய்யிற சாமான், அந்த நாட்டார் மெட்டின்ர வாசத்தை எடுத்து அதுக்குப் பின்னால வயலின் கூட்டம், கோரஸ், பெரிய மேளம் எல்லாம் போடுறது. எங்கட ஆக்கள் பின்னால போடுறதை முதல்ல செய்துபோட்டு மெட்டை கடைசியில தேடினம், அதுதான் எல்லாரின்ர ட்ராக்கும் ஒரே மாதிரிக் கேக்குது. ஒரு டின் விசிலில (தகரத்தில செய்த சின்னக் குழல்) தனிய வாசிச்சா நிக்கிற மெட்டை முதல் செய்யுங்கோ.

நான் கர்நாடக சங்கீதம்தான் படிச்சனான், வெஸ்டர்ன் நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. ஏலுமோ?

வடிவா ஏலும். அயோனியன் எண்டு அவை சொல்லுறது சங்கராபரணம், மிக்சோலிடியன் அரிகாம்போதி, டோரியன் கரகரப்பிரியா, ஏயோலியன் நடபைரவி. செல்டிக் மெட்டுக்கள் பெரும்பாலும் இந்த நாலுக்குள்ள அடங்கும், அஞ்சு சுரத்தில நிக்கிற ஸ்கொட்லாந்து மெட்டுக்கள் சிலதைக் கேட்டா மோகனம் எண்டே நினைப்பியள். ஃபேன்டசிக்கு கரகரப்பிரியாச் சுரங்கள்தான் முதல் கதவு, ஏனெண்டா சோகமும் இல்லாமல் சந்தோசமும் இல்லாமல் நடுவில நிக்கும்.

வித்தியாசம் கமகத்திலதான். அங்க சுரத்தை ஆட்டுறது குறைவு, நேரா நிப்பாட்டி விரலால வெட்டுறது கூட, அது பிறகு வருது. ஒரு விசயம் சொல்லோணும், இந்தத் தொடுசல் புதுசில்லை. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னைக் கோட்டையில வெள்ளைக்காரரின்ர பாண்ட் வாசிச்ச மெட்டுக்களுக்கு சமஸ்கிருதத்தில சாகித்தியம் கட்டினவர், நோட்டுஸ்வரம் எண்டு சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது அதுதான், அதுக்குள்ள அயர்லாந்து ஸ்கொட்லாந்து மெட்டுக்களும் கிடக்கு. நீங்கள் சின்னனில படிச்ச ஒண்டு செல்டிக் மெட்டாவே இருக்கக்கூடும்.

ஜிக், றீல் எண்டு சொல்லினம், எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்குது

வாயால சொல்லிப் பாருங்கோ. ஜிக் 6/8, தகிட தகிட. ஸ்லிப் ஜிக் 9/8, தகிட மூண்டு தரம். றீல் நாலு நாலா ஓடும், தகதிமி தகதிமி. போல்கா 2/4. ஸ்ட்ராத்ஸ்பே ஸ்கொட்லாந்துக்கே உரியது, குட்டி நோட் முன்னுக்கும் நீட்டு நோட் பின்னுக்குமா வெட்டி வெட்டிப் போகும். மெட்டின்ர உடம்பு பெரும்பாலும் ஒண்டுதான்: எட்டு பார் முதல் பகுதி ரெண்டு தரம், எட்டு பார் ரெண்டாம் பகுதி ரெண்டு தரம், மொத்தம் 32 பார். ரெண்டாம் பகுதி வழமையா மேல் ஸ்தாயிக்கு ஏறும்.

கலியாண வீட்டு பாண்டில வாசிச்ச ஆக்களுக்கு 6/8 கையில ஊறிக் கிடக்கு, ஏனெண்டா பைலாவும் 6/8தான். ஆபத்தும் அதுதான், ட்ரம்ஸ் போட்ட உடன ஜிக் பைலாவாப் போயிடும், எத்தினை பேரின்ர ட்ராக்கில எல்ஃப் எல்லாம் கலியாண வீட்டில ஆடுற மாதிரிக் கேட்டிருக்கிறன். பைலாவில பேஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் மூண்டுக்கு எதிரா ரெண்டு எண்டு இழுபடும். ஜிக்கில மேளம் மெட்டின்ர ஆறு தட்டையும் பின்தொடர்ந்து ஒண்டிலயும் நாலிலயும் சாயும், அவ்வளவுதான். ட்ரம்ஸ் செட்டை மியூட் பண்ணிப்போட்டு ஒரு போத்ரன் மட்டும் விட்டுப் பாருங்கோ. போத்ரன் எண்டுறது ஒரு பக்கம் ஆட்டுத்தோல் கட்டின வட்ட மேளம், ஒரு கையால சின்னத் தடியில அடிச்சு மற்றக் கையை உள்ளுக்கு வைச்சுத் தோலை அமத்தி சுருதி மாத்துறது.

கையில காசு கனக்க இல்லை, முதல்ல என்ன வாங்கிறது?

டி சுருதியில ஒரு டின் விசில். ஆறு ஓட்டை, ரெண்டு ஸ்தாயி, இந்தச் சாமான்களுக்குள்ள மலிவானது அதுதான். பிறகு ரெண்டு இன்புட் உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கொண்டென்சர் மைக், ஹெட்போன். சொவ்ட்வெயருக்கு றீப்பர் காணும், 60 நாள் பாவிச்சுப் பாக்கலாம், பிறகு வாங்கினாலும் மற்றதுகளோட பாக்கேக்க விலை குறைவு. சாம்பிளுக்கு (உண்மையான வாத்தியத்தின்ர சத்தத்தைப் பதிஞ்சு வைச்சுக் கீபோர்டால வாசிக்கிறது) டிசென்ட் சாம்பிளர், ஸ்ஃபோர்சாண்டோ ரெண்டும் சும்மா கிடைக்கும், அதுகளுக்கு சும்மா கிடைக்கிற ஹார்ப், விசில், வயலின் எல்லாம் தேடினா வரும்.

பெரிய லைப்ரரி (சாம்பிள் தொகுப்பு) ஒண்டை முதலே வாங்காதேங்கோ. இறக்கவே பத்துக் கணக்கில ஜிபி, போன் டேட்டாவில விடியவிடிய இருக்கோணும், 8 ஜிபி றாம் லப்டொப்பில திறந்தா மூச்சடைக்கும்.

கொன்டாக்ட் பிளேயரில ஒரு விசில் போட்டன், 15 நிமிசத்தில நிண்டு போகுது. லப்டொப் பழுதோ?

பழுதில்லை. கொன்டாக்ட் எண்டுறது சாம்பிள் லைப்ரரி திறக்கிற சொவ்ட்வெயர். அதில சும்மா கிடைக்கிற பிளேயர் அதுக்கெண்டு லைசன்ஸ் எடுத்த லைப்ரரியளை மட்டும்தான் முழுசாத் திறக்கும், மற்றதுகள் 15 நிமிச டெமோவில ஓடி நிண்டுடும். லைப்ரரி வாங்க முதல் 'பிளேயரில வேலை செய்யும்' எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ.

விசில் வாங்கினன் அண்ணை, கீபோர்டோட சுருதி சேரவே இல்லை

எங்கட வெயிலும் ஒரு காரணம். குழலுக்குள்ள காத்து சூடாக சுருதி ஏறும், கணக்குப்படி ஒரு பாகை செல்சியஸுக்குக் கிட்டத்தட்ட 3 சென்ட் (அரைச் சுரத்தில நூறில ஒரு பங்கு ஒரு சென்ட்). வாயால போற மூச்சு எந்த ஊரிலயும் சூடுதான், அதால முழு வித்தியாசமும் வராது, ஆனா குளிர் நாட்டுக்கெண்டு செய்த விசில் பங்குனி சித்திரையில மத்தியானம் கொஞ்சம் ஏறித்தான் நிக்கும். மலிவு விசிலுகளில வாய் வைக்கிற பிளாஸ்டிக் தலையை ஒட்டியிருப்பினம், அந்தத் தலைப்பக்கத்தைச் சுடுதண்ணியில கொஞ்சநேரம் பிடிச்சு மெல்லமாத் திருகினா ஒட்டு விடும், பிறகு ஒரு மில்லிமீற்றர் ரெண்டு மில்லிமீற்றர் வெளிய இழுத்தா சுருதி இறங்கும்.

அப்பவும் கொஞ்சம் ஏறி நிண்டா விசிலைத் திருத்தப் போகாதேங்கோ, லப்டொப்பைத் திருத்துங்கோ. எல்லா சாம்பிளுக்கும் மாஸ்டர் டியூனிங் இருக்கு, 440இல இருந்து 443க்கு ஏத்தினா 12 சென்ட் அளவு கூடும், கேக்கிற ஆருக்கும் தெரியாது. கீச்செண்டு கத்துதெண்டா அது வேற கதை, மூச்சைக் கூட விடுறியள் இல்லாட்டி கீழ் ஓட்டை சரியா மூடுப்படேல்ல.

நல்ல விலையான சாம்பிள்தான் போட்டனான், ஆனாலும் போன் ரிங்டோன் மாதிரிக் கேக்குது. ஏன்?

கூடுதலா வாற கேள்வி இதுதான், பதிலும் கொஞ்சம் நீளம். சாம்பிளில பிழை இல்லை, உண்மையான வாத்தியத்தால செய்யேலாத வேலையை அதுக்குக் குடுக்கிறியள். காதுக்குக் காரணம் தெரியாது, ஆனா பொய் எண்டு தெரிஞ்சிடும்.

விசிலை எடுங்கோ. கீழ் ஸ்தாயி மெல்லிசு, மேல் ஸ்தாயி பலத்துத்தான் வரும், ஏனெண்டா மேல போக மூச்சைத் தள்ளோணும். நீங்கள் மேல் ஸ்தாயியில ஒரு நோட்டை மெதுவாத் துவங்கி வோல்யூமைக் கூட்டிக் குறைச்சு இழுத்தா அது விசில் இல்லை, ஓர்கன். ரெண்டு நாலு பாருக்கு ஒருக்கா மூச்சு எடுக்கோணும், அதுக்கு ஒரு நோட்டைச் சுருக்கோணும், சில நேரம் ஒரு நோட்டையே விட்டுடோணும். டி விசில் கீழ் டிக்குக் கீழ போகாது, கீபோர்டில ஒக்டேவ் பட்டனை அமத்தி இறக்கினா இறங்கும், அதைச் செய்யாதேங்கோ, அந்த இடத்துக்கு லோ விசில் எண்டு தனிய ஒண்டு இருக்கு.

ஸ்கொட்லாந்துப் பெரிய பைப்புக்கு (பையில காத்தை நிரப்பி வாசிக்கிற பேக்பைப்) ஒன்பது நோட்தான். பை நிரம்பியிருக்கிற வரைக்கும் சத்தம் நிக்காது, அதால இடைவெளியும் இல்லை, மெதுவு பலமும் இல்லை. ஒரே நோட் ரெண்டு தரம் வரோணுமெண்டா நடுவில ஒரு குட்டி நோட் போட்டுத்தான் பிரிக்கோணும். ஏ எண்டு எழுதினாலும் சத்தம் பி ஃப்ளாட்டை விடக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். அயர்லாந்தின்ர இலியன் பைப் வேற, முழங்கையால துருத்தி அமத்திறது, ரெண்டு ஸ்தாயி போகும், சான்டரை (விரல் வைச்சு வாசிக்கிற குழலை) முழங்காலில வைச்சு மூடினா சத்தத்தை நிப்பாட்டலாம். அழுற மாதிரி வாற மெட்டுக்கு இதைத்தான் தேடுறியள், ஆனா லைப்ரரியில 'பேக்பைப்' எண்டு போட்டிருக்கிறதைக் கண்ட உடன பெரிய பைப்பை எடுத்துப் போடுறியள்.

ஹார்ப்பில சின்ன விரல் பாவிக்கிறதில்லை, அப்ப ரெண்டு கைக்கும் எட்டு நோட்டுக்கு மேல ஒரேயடியா வராது. தட்டின தந்தி தானா நிக்காது, அடுத்ததோட சேர்ந்து ஒலிச்சுக்கொண்டே கிடக்கும். லீவர் ஹார்ப்பில அரைச் சுரம் மாத்த கையை எடுத்து லீவரைத் தள்ளோணும், ஓடிக்கொண்டிருக்கிற மெட்டுக்கு நடுவில நிறைய ஷார்ப் ஃப்ளாட் போடேலாது.

அந்தக் குட்டி குட்டி வெட்டுக்கள் கீபோர்டில எப்பிடிக் கொண்டுவாறது?

முதல் வாத்தியக்காரர் என்ன செய்யினம் எண்டு விளங்கோணும். கட் எண்டுறது மேல இருக்கிற ஒரு விரலை மின்னல் மாதிரி எடுத்து வைக்கிறது, டாப் எண்டுறது கீழ ஒரு ஓட்டையைத் தட்டி எடுக்கிறது. நீட்டு றோல் எண்டா ஒரு தகிட நேரத்துக்கு ஒரே சுரம் மூண்டு தரம், ரெண்டாவதுக்கு முன்னால கட், மூண்டாவதுக்கு முன்னால டாப். கீழ் டியில டாப் போட அதுக்குக் கீழ ஓட்டை இல்லை, அதால ரெண்டு மூண்டு கட்டை அடுத்தடுத்துப் போடுறது, அதுக்கு கிரான் எண்டு பேர்.

மிடியில (கீபோர்ட் நோட்டுகளைக் கொம்பியூட்டரில பதியிற முறை) ஒரு கட் 30, 40 மில்லிசெக்கனுக்கு மேல விடாதேங்கோ, கூடினா அது தனி நோட்டாக் கேக்கும். வெலோசிட்டியை (நோட்டை அடிக்கிற பலம்) குறைச்சுப் போடுங்கோ. குவான்டைஸ் (நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு நேராக்கிறது) பண்ணினா கட் எல்லாம் கிரிட்டுக்கு ஓடிப்போய் மெயின் நோட்டுக்கு மேல ஏறி இருக்கும், அதால மெயின் நோட்டை மட்டும் தெரிவு செய்து பண்ணுங்கோ, அதுவும் நூறு வீதம் வேண்டாம். கட், றோல் எல்லாத்தையும் கீசுவிட்சில (ஒரு கீயை அமத்த வாசிப்பு முறை மாறுறது) றெடியா வைச்சிருக்கிற லைப்ரரியளும் இருக்கு, சுகம்தான், ஆனா அந்த றோலின்ர வேகம் உங்கட ரெம்போவோட ஒத்துப்போகுதோ எண்டு பாக்காமல் போடுற ஆக்கள்தான் கூட.

எதை லைவ்வா எடுக்கிறது, எதை சாம்பிளில விடுறது?

மெட்டைக் கொண்டுபோறது எதுவோ அது லைவ். பின்னால நீட்டி நிக்கிறது, கும்பலா வாறது, ஒருக்கா அடிச்சுப்போட்டு விடுறது சாம்பிள். ஒரு விசிலும் ஒரு வயலினும் உண்மையா இருந்தா அதுக்குப் பின்னால அறுபது பேர் வயலின் கூட்டம் லப்டொப்பில இருந்து வந்தாலும் காது மன்னிச்சிடும். அதுவே பெரிய செலவழிச்சு உண்மையான செலோ ஆளைப் பிடிச்சு பின்னால நீட்டிப்போட்டு, முன்னால சாம்பிள் விசிலை விட்டால் முழு ட்ராக்கும் பொய்யாக் கேக்கும்.

ஷேக்கர், கைதட்டு, தடியால தட்டுற சத்தம் இதுகளுக்கும் சாம்பிள் தேடாதேங்கோ, நாலு பேரைக் கூப்பிட்டு முத்தத்தில நிண்டு தட்டினா காணும். போத்ரன் கிடைக்காட்டி கையில பிடிக்கிற ரபான் நல்லம், அதுவும் ஒரு பக்கத் தோல், உள்ளுக்கு கையை வைச்சு அமத்தலாம். மாரியில, ஐப்பசி கார்த்திகையில தோல் ஈரத்தில தளர்ந்து சுருதி விழும், றெக்கோர்டுக்கு முதல் கொஞ்சம் சூடு காட்டுங்கோ. கோடையில மற்றப்பக்கம், இறுகி டங்கு டங்கெண்டு கேக்கும், ஈரத்துணியால உள்பக்கம் துடைச்சா இறங்கும்.

ஸ்டூடியோ இல்லை, தகரக் கூரை வீடு, என்னெண்டு றெக்கோர்ட் பண்ணுறது?

நேரம்தான் உங்கட ஸ்டூடியோ. ஏ9 றோட்டு ஓரத்தில எண்டா லொறி, கோயில் திருவிழா எண்டா ஸ்பீக்கர், விடியப்புறம் எண்டா மயிலும் சேவலும். ராத்திரி பதினொண்டுக்குப் பிறகு மூண்டு மணிக்குள்ள எடுங்கோ. ஃபேனை நிப்பாட்டோணும், வேர்க்கத்தான் செய்யும். லப்டொப்பை பற்றரியில விட்டு சார்ஜரைக் கழட்டினா கரண்ட் இரைச்சலும் குறையும், கரண்ட் போனாலும் டேக் போகாது. தகரத்தில மழை விழுந்தா விட்டுப்போட்டு எடிட்டிங் செய்யுங்கோ, வேற வழி இல்லை.

உடுப்பு அலுமாரியைத் திறந்து வைச்சு அதுக்கு முன்னால, முதுகுக்குப் பின்னால ஒரு மெத்தையை நிமித்தி வைச்சு வாசியுங்கோ. விசிலின்ர சத்தம் கீழ் நுனியால மட்டும் வாறதில்லை, வாய்க்குக் கிட்ட இருக்கிற சின்ன யன்னலாலயும் ஓட்டையளாலயும் வருது, அதால மைக்கை நுனிக்கு நேர வைக்காமல் ஒரு முழம் தள்ளி, கை இருக்கிற உயரத்துக்குக் கொஞ்சம் மேல, பக்கவாட்டா வையுங்கோ. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், லெவல் மைனஸ் 12 டெசிபெலுக்கு மேல குதிக்காமல் பாருங்கோ. கீபோர்ட் வாசிக்கேக்க சத்தம் பிந்தி வருது எண்டா பஃபரை 128க்கு இறக்குங்கோ, 48 கிலோஹேர்ட்ஸில அது 2.7 மில்லிசெக்கன்தான், மிக்ஸ் பண்ணேக்க திருப்பி ஏத்தலாம்.

லைவ்வா எடுத்த விசில் தனிய நிக்குது, சாம்பிள் எல்லாம் வேற அறையில நிக்கிற மாதிரி இருக்கு

உண்மையிலயே வேற அறைதான். சாம்பிள் எடுத்தது பெரிய மண்டபத்தில, உங்கட விசில் அலுமாரிக்கு முன்னால. சாம்பிளில குளோஸ் மைக் எண்டு இருந்தா அதை மட்டும் விட்டு லைப்ரரியின்ர சொந்த றிவேர்பை (அறை எதிரொலி) நிப்பாட்டுங்கோ, பிறகு ஒரே ஒரு றிவேர்ப் ட்ராக் திறந்து எல்லாத்தையும் அதுக்கே அனுப்புங்கோ, பின்னுக்கு நிக்கிறதைக் கூட, முன்னுக்கு நிக்கிறதைக் குறைய. விசிலில 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டினா குத்துறது நிக்கும்.

நேரத்தையும் பாருங்கோ. லெகாட்டோ (நோட்டோட நோட்டை ஒட்டி வாசிக்கிற) சாம்பிளுகள் நோட் மாறுற சத்தத்தோட சேர்த்து எடுத்தது, அதால அமத்தின பிறகு கொஞ்சம் பிந்தித்தான் நோட் வரும். அந்த ட்ராக்கை மட்டும் முன்னுக்கு இழுத்துவிடுங்கோ. ஓட்டோடியூன் போடாதேங்கோ, விசிலின்ர உயிரே அந்தச் சின்னச் சரிவுதான்.

கோர்ட்ஸ் போட்ட உடன சேர்ச் பாட்டு மாதிரி வருது சேர்

டொமினன்ட் செவென்த் (பஞ்சமத்தில நிக்கிற, நிஷாதம் ஏறின கோர்ட்) போட்டு முடிக்கிறியள், அதுதான். மேல சொன்ன டோரியன், மிக்சோலிடியனில நிஷாதம் இறங்கினது, அதைக் கோர்ட்டுக்காக ஏத்தினா மெட்டின்ர குணமே போயிடும். டி விசிலில ஈயை சட்ஜமா வைச்சா ஓட்டையளை அரைவாசி மூடாமலே ஈ டோரியன் வரும். அதுக்கு ஈ மைனர், டி மேஜர், இந்த ரெண்டுக்கும் இடையில ஆடிக்கொண்டிருந்தாலே பழைய காட்டுக்கோட்டை ஒண்டு எழும்பும். இடைக்கிட ஏ மேஜர் போட்டா வெளிச்சம் வரும்.

அதைவிடச் சுகம், கோர்ட்டே போடாமல் சுருதிப்பெட்டி மாதிரி ச–ப மட்டும் நீட்டி விடுறது, பைப்பின்ர ட்ரோனும் (விடாமல் நிக்கிற சுருதி) அதுதானே. கிற்றார் வாசிக்கிற ஆள் இருந்தா டி ஏ டி ஜி ஏ டி எண்டு தந்தியை மாத்தச் சொல்லுங்கோ, திறந்து அடிச்சா காந்தாரம் இல்லாமல் நிக்கும். 1960களில கிரேக்கத்து புசூக்கி அயர்லாந்துக்கு வந்து ஊர்ச் சாமானாப் போனதுக்கும் இந்த மாதிரித் திறந்த சத்தம் ஒரு காரணம். பெரிய ஃபேன்டசித் திருப்பம் வேணுமெண்டா மூண்டாம் தரம் அதே மெட்டு வரேக்க மட்டும் கீழ ஜி மேஜர், பி மைனர் எண்டு மாத்துங்கோ, மெட்டில கை வைக்காதேங்கோ.

எங்கட நாதஸ்வரம், உடுக்கு போட்டா அது செல்டிக் இல்லையெண்டு சிரிப்பினமோ?

பிரிட்டனியில பொம்பார்ட் எண்டு ஒரு வாத்தியம், நாதஸ்வரம் மாதிரி ரெட்டைச் சீவாளி, காதைப் பிளக்கும். அதை பினியு எண்ட சின்னப் பைப்போட சோடியா வாசிக்கிறது, பினியு ட்ரோனோட விடாமல் போகும், பொம்பார்ட் மூச்சு வாங்கி வாங்கி ஒரு அடி விட்டு ஒரு அடி பிடிக்கும். நாதஸ்வரத்துக்கு ஒத்து நிக்கிற மாதிரித்தான் எண்டு விளங்கியிருக்கும். 1971இல இருந்து பிரிட்டனியில லோரியான் எண்ட ஊரில நடக்கிற செல்டிக் விழாவில ஸ்பெயின் பக்கத்து கலீசியா, அஸ்தூரியாஸ் பைப்பும் ஊதினம். அவையே கதவைத் திறந்துதான் வைச்சிருக்கினம்.

நாதஸ்வரக்காரரிட்ட சுருதி எத்தினை கட்டை எண்டு முதல் கேளுங்கோ. 2 கட்டை எண்டா டி, விசிலோட நேரா ஒத்துப்போகும். 2½ எண்டா எல்லா சாம்பிளையும் அரைச் சுரம் ஏத்துங்கோ, அவரை இறங்கச் சொல்லேலாது. கமகத்தைக் குறைச்சு வாசிக்கச் சொன்னா மரியாதையாச் சொல்லுங்கோ. கட்டாயப்படுத்தாமல் ஆறுதலான மெட்டில விருத்தம் மாதிரித் தாளம் இல்லாமல் விட்டீங்களெண்டா இன்னும் நல்லா வரும், அயர்லாந்தின்ர ஸ்லோ எயரும் அப்பிடித்தான் தாளத்துக்குக் கட்டுப்படாமல் போகும். உடுக்கை லைவ்வாத்தான் எடுக்கோணும், கயிறை அமத்தச் சுருதி வளையிறது சாம்பிளில வராது. பறைமேளத்தை போத்ரனுக்குப் பதிலா நினைக்காதேங்கோ, எங்கடது ரெண்டு பக்கமும் தோல் கட்டினது, அது போர்க்காட்சிக்குரிய சத்தம், ஜிக்குக்குக் கீழ போட்டா மெட்டு அமிழ்ந்துபோகும்.

பாட்டு வரி வேணும், கேலிக் மாதிரி ஏதும் எழுதிப் பாடலாமோ?

கேலிக் மாதிரி எண்டு உளறாதேங்கோ. அயர்லாந்துக் கேலிக், ஸ்கொட்லாந்துக் கேலிக், வெல்ஷ், பிரெத்தோன் எல்லாம் இப்பவும் ஆக்கள் வீட்டில கதைக்கிற பாஷை, எங்கட பாஷையை ஆரும் அப்பிடி உளறிப் பாடினா எங்களுக்கு எப்பிடி இருக்கும். ஆ, ஓ எண்டு மட்டும் பாடலாம், இல்லாட்டி தமிழிலயே எழுதலாம். பிரிட்டனியில கான் ஹா டிஸ்கான் எண்டு ரெண்டு பேர் பாடுறது, ஒராளின்ர அடி முடியிற இடத்தில மற்றவர் சேர்ந்து பிடிச்சுக்கொண்டு போறது. கூத்தில பாடகரும் பிற்பாட்டும் போற பழக்கம் இருக்கிற எங்கட ஆக்களுக்கு அது ஒரு பின்னேரத்தில வந்திடும்.

பழைய அயர்லாந்து மெட்டை எடுத்துச் செய்தா கொப்பிரைட் பிடிக்குமோ? யூடியூப்பில எனக்கு ஒருக்கா கிளெய்ம் வந்தது

மூண்டையும் பிரிச்சுப் பாருங்கோ. மெட்டு ஒண்டு, அரேஞ்ச்மென்ட் ஒண்டு, றெக்கோர்டிங் ஒண்டு. உண்மையிலயே பழைய மெட்டு ஆருக்கும் சொந்தமில்லை. சிக்காகோவில பொலிஸ் தலைவரா இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903இல 1850 மெட்டுக்களைச் சேர்த்துப் புத்தகமா விட்டவர், அதில இருக்கிறதைத் தாராளமா எடுக்கலாம். ஆனா ஒரு பாண்ட் அந்த மெட்டுக்குப் போட்ட அரேஞ்ச்மென்டை அப்பிடியே இறக்கினா பிழை. அதோட, பழசு மாதிரிக் கேக்கிற கன மெட்டு போன ஐம்பது வருசத்துக்குள்ள ஆரோ கட்டினது. இலங்கையில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி கட்டினவர் செத்து 70 வருசம் வரைக்கும் உரிமை இருக்கு.

கிளெய்ம் வாறதுக்குக் கூடுதலான காரணம் மெட்டு இல்லை, லூப். லைப்ரரியோட வாற றெடிமேட் ஹார்ப் வரி, குரல் வரியை நீங்களும் போட்டிருப்பியள், வேற ஆரோ அதையே போட்டு தன்ர எண்டு பதிஞ்சிருப்பார், மெஷின் ரெண்டையும் ஒண்டு எண்டு பிடிக்கும். லைப்ரரி வாங்கின பில்லையும் லைசன்ஸையும் வைச்சுக்கொண்டு டிஸ்பியூட் போடலாம். லூப்பைப் பாவிக்காமல் நோட் நோட்டா வாசிச்சா இந்தத் தலையிடி வாறது குறைவு.

இன்னொண்டு. ஊரில ஒரு உடுக்குக்காரரையோ நாதஸ்வரக்காரரையோ கூப்பிட்டு றெக்கோர்ட் பண்ணினா அண்டைக்கே காசு குடுங்கோ, இந்த ட்ராக்குக்கு மட்டுமோ இல்லை வெட்டி சாம்பிளா வைச்சு வேற வேலைக்கும் பாவிக்கிறதோ எண்டதை ஒரு கடதாசியில தமிழில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ, ட்ராக்கில அவரின்ர பேரைப் போடுங்கோ. சாம்பிளா விக்கிற யோசனை இருந்தா அதை வாசிக்க முதல் சொல்லோணும், வாசிச்சு முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க இல்லை.